சேதம் பார்க்க வந்த நாரையும் கோலம் போட்ட முள்ளம்பன்றியும்

பிள்ளைகளே, நம் வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தால், நம் கை முதலில் எதைத் தேடும், சொல்லுங்கள் பார்ப்போம்?

துடைப்பத்தைத்தானே! கொடியில் கிடக்கும் துணியைச் சுருட்டி மூலையில் திணிப்போம். சிந்தின பருக்கையைப் பாய்க்கு அடியில் தள்ளுவோம். வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று ஒரு படபடப்பு. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். முள்ளம்பன்றி வீட்டிலும் அதுதான் நடந்தது.

மூங்கில் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், ஓடைக்கரை மேட்டில் வளை தோண்டிக் குடியிருந்தாள் சிலும்பி என்ற முள்ளம்பன்றி. அவளுக்கு மூன்று குட்டிகள். சுத்தம் என்றால் சிலும்பிக்கு உயிர். தன் வாலையே துடைப்பமாக வைத்து, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வாசலைப் பெருக்குவாள். தண்ணீர் தெளித்து, முதுகு முள்ளால் குத்திக் குத்திப் புள்ளிக்கோலம் வேறு போடுவாள்.

பக்கத்து வளையில் தொப்பாயி என்ற பெருச்சாளி இருந்தாள். தொப்பாயிக்கு எதையும் தூக்கிப் போட மனம் வராது. கிழிந்த இலை, உடைந்த ஓடு, கடித்து மிச்சம் வைத்த கிழங்கு, எல்லாம் வாசலிலேயே குவிந்து கிடக்கும்.

"தொப்பாயி அக்கா, உன் வாசலில் கால் வைக்க இடமே இல்லையே! மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது" என்பாள் சிலும்பி.

"பொத்திக்கொண்டாவது வருகிறாயே, அதுவே பெரிசு. உட்காரடி" என்பாள் தொப்பாயி.

ஒரு நாள் உச்சிப்பொழுதில், மரத்திலிருந்த தேனடை ஒன்று அறுந்து யானைக் கூட்டத்தின் நடுவில் விழுந்தது. அவ்வளவுதான்! தேனீக்கள் விரட்ட, பதினோரு யானைகளும் கண்மண் தெரியாமல் ஓடைக்கரை மேட்டின் மேலேயே ஓடின. சிலும்பி குட்டிகளை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினாள். திரும்பிப் பார்த்தபோது வளை இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருந்தது. தொப்பாயியின் வளையும் நசுங்கிப் போயிற்று.

யானைக் கூட்டத்தின் தலைவிக்குப் பெரியம்மா என்று பேர். நியாயமானவள். மறுநாளே எல்லா மிருகங்களையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எங்கள் காலால் வீடு இழந்தவர்களுக்கு, மழைக்கு முன்னால் மேட்டுச்சரிவில் புது வளை தோண்டித் தருகிறோம். வீடு போனவர்கள் வந்து சொல்லுங்கள்."

ஓடைக்கரை போல இல்லாமல், எட்டத் தள்ளி இருந்த மேட்டுச்சரிவில் வெள்ளம் ஏறாது. ஆனால் மண் பாறையாக இறுகிக் கிடக்கும். முள்ளம்பன்றியின் நகத்துக்கெல்லாம் மசியாது. யானைத் தந்தம் இறங்கினால்தான் உண்டு. மழைக்கோ இன்னும் ஐந்தே நாள். 'இந்த வளை கிடைக்காவிட்டால் குட்டிகளை எங்கே வைப்பேன்?' என்று சிலும்பி முதல் ஆளாக ஓடி நின்றாள்.

அவளுக்குப் பின்னால் காடே வந்து நின்றது.

"என் வளையும் போயிற்று" என்றது குரங்கு.

"உனக்கு ஏது வளை? நீ மரத்தில் அல்லவா இருக்கிறாய்?" என்று கேட்டாள் பெரியம்மா.

"தோண்டலாம் என்று இருந்தேன். அந்த நினைப்பு போயிற்று."

"என் வீட்டைப் பாருங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், மேலெல்லாம் கோடு கோடாக விரிசல்" என்று முதுகைத் திருப்பிக் காட்டியது ஆமை.

"உன் அம்மா முதுகிலும் அதே கோடுதானே இருந்தது?" என்றாள் பெரியம்மா. "எங்கள் கூட்டத்தில் தந்தம் உள்ளவர்கள் இரண்டே பேர். கேட்கிறவர்களுக்கு எல்லாம் தோண்டினால், கடைசியில் அந்தத் தந்தம் பல் குத்தத்தான் உதவும். ஓடுகிற அவசரத்தில் யார் வீட்டை மிதித்தோம் என்று எங்களுக்கும் தெரியாது. ஆகையால் நாரையார் வீடு வீடாக வந்து சேதத்தைப் பார்ப்பார். அவர் 'ஆமாம்' என்றால் வளை உண்டு. 'இல்லை' என்றால் இல்லை."

நாரையார் ஒற்றைக்காலில் நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் கண்ணால் கண்டதை மட்டும்தான் நம்புவார். காதில் விழுந்ததை ஒரு தலையாட்டலில் உதறிவிடுவார்.

அன்று மாலை மைனா பறந்து வந்து சிலும்பியிடம், "நாளைக் காலையில் நாரையார் உன் வீட்டைப் பார்க்க வருகிறார்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

சிலும்பி துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ! வீடு கிடக்கிற கிடையில் பெரிய மனிதர் வந்து பார்த்தால் என் மானம் என்ன ஆவது!"

"அம்மா, வீடே இல்லையே" என்றது மூத்த குட்டி.

"வீடு இல்லை என்றால் வாசலாவது இருக்க வேண்டாமா? தள்ளி நில்!"

விடிவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டாள். நசுங்கிய மண்கட்டிகளை உருட்டிக்கொண்டு போனாள். முறிந்த வேர்களை இழுத்துக்கொண்டு போனாள். யானைக்கால் பள்ளத்தில் எல்லாம் மண்ணை நிரப்பி, ஏறி நின்று மிதித்து, வாலால் இழைத்துச் சமன் செய்தாள். கொட்டிக்கிடந்த உடைந்த முள்ளில் ஒன்றைக்கூட விடவில்லை. தண்ணீர் தெளித்து, பதினேழு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டாள். வருகிறவர் சும்மா போகக் கூடாதே என்று ஓர் இலையில் நாலு இலந்தைப்பழமும் எடுத்து வைத்தாள்.

"இப்போதுதான் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

நாரையார் முதலில் நரியின் வீட்டுக்குப் போனார். உண்மையில் நரியின் வீட்டை எந்த யானையும் மிதிக்கவில்லை. ஆனால் மேட்டுச்சரிவில் இனாமாக ஒரு வளை என்றால் நரிக்கு நாக்கு ஊறாதா? தன் பழைய வளையைத் தானே உடைத்துப் போட்டிருந்தது. போதாததற்கு, யானை நடந்த மாதிரி பெரிய பெரிய வட்டமாகக் குழி பறித்து வைத்திருந்தது.

"பாருங்கள் நாரையாரே, எத்தனை அடி! என் நெஞ்சே வெடித்துவிட்டது" என்று கண்ணைக் கசக்கியது நரி.

நாரையார் ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். வளை வரைக்கும் போனார். சுற்றி வந்தார்.

"நரியாரே, யானை உள்ளே போன அடி இருக்கிறது. வெளியே வந்த அடி எங்கே?"

நரி தான் பறித்த குழிகளைத் திரும்பிப் பார்த்தது.

"உள்ளேதான் இருக்கிறதோ?" என்று நாரையார் குனிந்து வளைக்குள் எட்டிப் பார்த்தார். "பெரியம்மா பதினோரு பேரும் கூடவே இருப்பதாகச் சொன்னாரே. இது பன்னிரண்டாவது போலிருக்கிறது. வெளியே வந்ததும் சொல்லி அனுப்புங்கள். இப்போதைக்கு உங்களுக்கு 'இல்லை'."

அடுத்தது தொப்பாயி வீடு. அங்கே விழுந்தது விழுந்தபடி கிடந்தது. வாசலை அடைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய யானைக்கால் தடம் ஒன்று. அதன் குதிகால் பக்கத்தில், அந்த யானையின் காலில் இருந்த பிறை மாதிரியான வெடிப்பும் அச்சாகப் பதிந்திருந்தது. தடத்துக்கு உள்ளேயே வளையின் கூரை நொறுங்கிக் கிடந்தது.

"மன்னித்துக்கொள்ளுங்கள், இன்னும் பெருக்கவில்லை" என்றாள் தொப்பாயி.

"எப்போது பெருக்குவீர்கள்?"

"அப்படி ஒரு வழக்கம் இல்லை."

"நல்லது. உங்களுக்கு 'ஆமாம்'" என்றார் நாரையார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைசியாக உண்ணிச்செடி வேலியைத் தாண்டிச் சிலும்பியின் இடத்துக்கு வந்தார். வேறு வேலை இல்லாத நரியும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தது.

"வாருங்கள், வாருங்கள்! முதலில் பழம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள் சிலும்பி.

"வேலைக்கு வந்த இடத்தில் நான் எதுவும் சாப்பிடுவதில்லை. வீடு எங்கே?"

"இங்கேதான் இருந்தது."

"எங்கே?"

"நீங்கள் நிற்கிற இடத்தில்தான்."

நாரையார் காலை மாற்றி நின்று கீழே பார்த்தார். "கோலம் தெரிகிறது."

"அது நான் போட்டது" என்றாள் சிலும்பி, கொஞ்சம் வெட்கத்தோடு.

"நன்றாக இருக்கிறது. பதினேழு புள்ளியும் வரிசை தப்பவில்லை. யானை மிதித்த தடம் எங்கே?"

"மூடிவிட்டேன். மேடும் பள்ளமுமாக இருந்தது."

"உடைந்த மண்?"

"பார்க்கச் சகிக்கவில்லை. அள்ளிவிட்டேன்."

"முறிந்த வேர், உதிர்ந்த முள்?"

சிலும்பியின் குரல் இறங்கிவிட்டது. "பெருக்கிவிட்டேன்."

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நானாவது இல்லாததை உண்டாக்கினேன். இவள் இருந்ததையே இல்லாமல் ஆக்கிவிட்டாளே! என்னைவிடக் கெட்டிக்காரி!"

"நாரையாரே, என் மூன்று குட்டிகள் மேல் சத்தியம்! இங்கே வளை இருந்தது. யானை மிதித்தது" என்றாள் சிலும்பி.

"குட்டிகள் தெரிகின்றன. சத்தியம் தெரியவில்லையே, அம்மா" என்றார் நாரையார். அவர் குரலில் கோபம் இல்லை. "ஆமைகூடத்தான் சத்தியம் செய்தது. நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். இங்கே நான் பார்த்தது சுத்தமான ஒரு வாசல். பொழுது சாய்வதற்குள் பெரியம்மாவிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஏதாவது காட்ட முடிந்தால் காட்டுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு 'இல்லை'தான்."

சிலும்பி கோலத்தின் நடுவிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"யானை என் வீட்டை அரைகுறையாகத்தான் இடித்தது. மிச்சத்தை நானே சுத்தமாக முடித்துவிட்டேன். முதுகு நிறைய முள் கொடுத்த கடவுள், தலைக்குள் ஒரு பிடி மூளை வைக்க மறந்துவிட்டார்."

"அம்மா, அந்த மண்கட்டியை எல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போட்டாய்?" என்று கேட்டது மூத்த குட்டி.

சிலும்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்ட இடம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதுதான் கஷ்டம். அதை இத்தனை பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது?

அதற்குள் சத்தம் கேட்டுத் தொப்பாயியும் வேலிப் பக்கம் வந்துவிட்டாள்.

குட்டிகள் மூன்றும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சிலும்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"நாரையாரே, எல்லாவற்றையும் வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளினேன். தொப்பாயி அக்கா வாசலில்."



"என் வாசலிலா?" என்றாள் தொப்பாயி.

"ஆமாம், அக்கா."

"இன்றைக்கு மட்டுமா?"

"இல்லை, அக்கா."

"எத்தனை நாளாக?"

"நீ குடிவந்த நாளிலிருந்து."

தொப்பாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அடியே! நான் தின்று போட்டதற்கு இவ்வளவு குப்பை எப்படிச் சேருகிறது என்று எத்தனை நாள் யோசித்திருக்கிறேன்! நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாயே, அது உன் குப்பை நாற்றத்துக்குத்தானா?"

"பாதி என்னுடையது" என்றாள் சிலும்பி. பிறகு நாரையாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "முக்கால்வாசி" என்று திருத்திக்கொண்டாள்.

"ஆகா! தொப்பாயி, விடாதே!" என்று தூண்டிவிட்டது நரி. "உன் வாசலில் கிடப்பது உன் சொத்து. ஒரு துரும்பைக்கூடத் தொட விடாதே!"

"நீ சும்மா இரு. உன் வளைக்குள் யானை பசியோடு காத்திருக்கும், போய்ப் பார்" என்றாள் தொப்பாயி.

சிலும்பி வேலி ஓரமாகப் போய்த் தலையைத் தாழ்த்தி நின்றாள். "அக்கா, நான் செய்தது தப்பு. என்னைத் திட்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் திட்டு. ஆனால் இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்தக் குவியலில் தேடவிடு. குட்டிகளுக்கு வேறு போக்கிடம் இல்லை."

தொப்பாயி குட்டிகளைப் பார்த்தாள். மூஞ்சியை நொடித்துக்கொண்டாள். "திட்டுவதை எல்லாம் மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறேன். வெளியே போக முடியாதபோது பொழுது போக வேண்டாமா? வாடி, தேடு. ஆனால் பெருக்கிவிடாதே, புண்ணியமாய்ப் போகும்!"

சிலும்பி குவியலுக்குள் தலையை விட்டாள். பழைய கோலமண், போன மாதத்து இலந்தைக்கொட்டை, குட்டிகள் கடித்துத் துப்பிய கிழங்கு என்று வெளியே வந்துகொண்டே இருந்தது.

"அம்மா, இது நான் தொலைத்த கொட்டாங்குச்சி!" என்று கத்தியது சின்னக் குட்டி.

"அதைக் கீழே வை! நாரையார் பார்க்கிறார்."

கடைசியில் முறம் அளவுக்கு ஒரு காய்ந்த மண்பாளம் வந்தது. தினமும் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்த சிலும்பியின் வாசல் மண் அது. யானைக்கால் அதில் ஆழப் பதிந்து, வெயிலில் அப்படியே இறுகியிருந்தது. நடுவில் மூன்று முட்கள்.

"இந்தக் கால்தடம் என்னுடைய வாசலில் பதிந்தது. முள்ளும் என்னுடையது" என்றாள் சிலும்பி.

"முள்ளை இப்போதுதான் குத்தியிருப்பாள்" என்றது நரி.

நாரையார் அலகால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். "குத்தின முள் நிமிர்ந்து நிற்கும். இவை காலுக்கு அடியில் அகப்பட்டுச் சப்பையாக மண்ணோடு ஒட்டிக் கிடக்கின்றன. நீங்கள் வீட்டை உடைத்ததுபோல எல்லாரும் உடைப்பார்கள் என்று நினைக்காதீர்கள், நரியாரே."

பிறகு குனிந்து தடத்தின் ஓரத்தைப் பார்த்தார். குதிகால் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு வெடிப்பு. தொப்பாயி வாசலில் இருந்த தடத்திலும் அதே வெடிப்பு. நாரையார் மைனாவை அனுப்பிப் பெரியம்மாவை வரவழைத்தார். பெரியம்மா தன் இடது முன்னங்காலை மெல்லத் தூக்கி மண்பாளத்தின் மேல் வைத்தாள். இம்மிகூடப் பிசகாமல் பொருந்தியது.

"என் கால்தான்" என்றாள் பெரியம்மா. "ஏன் அம்மா, இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருக்கலாம், பெரியம்மா. வீட்டுக்குப் பெரியவர் வருகிறார் என்றதும் புத்தி வாலுக்குப் போய்விட்டது" என்றாள் சிலும்பி.

நாரையாரே கொஞ்சம் சிரித்துவிட்டார். "சிலும்பிக்கு 'ஆமாம்'" என்றார்.

மறுநாளே இரண்டு கொம்பன் யானைகள் மேட்டுச்சரிவுக்கு வந்தன. முதலில் தொப்பாயிக்கு வளை தோண்டி முடித்தன. தொப்பாயி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, ஒரு காய்ந்த இலையைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது.

"சிலும்பி, உனக்கு எந்த இடத்தில் தோண்டட்டும்? மேலே நல்ல நிழலான இடம் ஒன்று இருக்கிறது" என்று கேட்டாள் பெரியம்மா.

சிலும்பி நிழலான அந்த இடத்தை ஒரு முறை ஆசையோடு பார்த்தாள். சரிவைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்த தொப்பாயியின் வாசலைப் பார்த்தாள். பிறகு தன் வாலையும் பார்த்துக்கொண்டாள்.

"வேண்டாம், பெரியம்மா. மேலே இருந்து பெருக்கினால் எல்லாம் உருண்டு அக்கா வாசலில்தான் விழும். என்னை எனக்குத் தெரியும். தயவுசெய்து என் வளையை அக்காவுக்குக் கீழ்ப்பக்கமாகவே தோண்டிக் கொடுங்கள்."

நீதி: நடந்தது உண்மையே ஆனாலும், கண்ணுக்குக் காட்ட ஒன்று இருந்தால்தான் ஈடு கேட்க முடியும், பார்க்க வேண்டியவர் வந்து பார்க்கும்வரை துடைப்பத்தைத் தொடாதே.